சொல்லிவிட ஓர் ஆள்

வெப்சைட் என்று சொன்னதும் போடிநாயக்கனூர்க் கடைக்காரர்கள் முகத்தில் ஒரு தினுசான இரக்கம் வந்துவிடும். நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். டீ சொல்வார்கள். டீ வரும்வரை வந்தவன் பேசலாம், அவர்கள் தலையாட்டுவார்கள். டீயைக் குடித்து முடித்ததும் எழுந்து போய்விட வேண்டும். அதுதான் அதற்குள்ள மரியாதை. ஈஸ்வருக்கு இது புரிபடவே சில மாதங்கள் பிடித்தன. அதுவரை டம்ளரைக் கீழே வைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தான், பாவம்.

முகத்தில் அடித்த மாதிரி யாரும் மறுத்துவிடவில்லை. அப்படி மறுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "நம்ம கடை எங்க இருக்குன்னு தெரியாதவன் போடிக்குள்ள இருக்கானா தம்பி?" என்று பாத்திரக் கடைக்காரர் கேட்டார். கல்யாண மண்டபத்து மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போனார். முகூர்த்த நாளில் வெப்சைட் இல்லாவிட்டாலும் ஆள் வந்துவிடுமாம், முகூர்த்தம் இல்லாத நாளில் வெப்சைட் வைத்தாலும் ஆள் வராதாம். ஈஸ்வர் அன்று மண்டபத்து வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அவர் சொன்னதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

சென்னையில் அவன் வேலை பார்த்த கம்பெனி ஒரு மத்தியானம் எல்லோரையும் ஓர் அறைக்குள் கூப்பிட்டு, நன்றி சொல்லி, கதவைத் திறந்துவிட்டது. லேப்டாப்பும் ஒரு பையுமாகப் பஸ் ஏறி ஊருக்கு வந்தான். வீட்டில் அம்மா சோலையம்மாள் மட்டும்தான். அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அம்மா மலைக்குப் போகிறாள். போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. அவன் கண் விழிப்பதற்குள் கிளம்பிவிடுவாள், பொழுது சாய்ந்துதான் வருவாள். இப்போதும் அப்படியேதான். போன மழையில் சரிவில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது முட்டியை இழுத்து இழுத்து நடக்கிறாள்.

ஈஸ்வருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. நிலையாக நாலு கடை கிடைத்தால் போதும். ஊரிலேயே உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டு, அம்மாவிடம் "இனிமே மலைக்குப் போக வேண்டாம்மா" என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை கடைப்படி ஏறினான். நாலு வேண்டாம், முதலில் ஒன்று வரட்டும் என்று பிறகு இறங்கி வந்தான். அந்த ஒன்றும் வருவதாக இல்லை.

எங்கே போனாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டியது. ஏலக்காய் வியாபாரி சுந்தரராஜ் அண்ணாச்சி கடையில் அது பச்சையாகவே வெளியே வந்தது. மூட்டைகளுக்கு நடுவே சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அவர் மனைவி கிரேஸ் பில் போட்டுக்கொண்டிருப்பார். ஈஸ்வர் தன் சென்னை வேலைகளையெல்லாம் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகக் காட்டினான். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதெல்லாம் மெட்ராசு. நம்ம ஊர்ல யாருக்குச் செஞ்சு குடுத்திருக்கீங்க?"

"இனிமேதான் அண்ணாச்சி. நீங்கதான் ஆரம்பிச்சு வைக்கணும்."

"அது சரி." ஒரு மூட்டைக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி ஊதினார். "காயின்னா இப்பிடி அள்ளிப் பாத்து, நல்லதா சொத்தையான்னு சொல்லிப்புடுவேன். ஒங்க சரக்க எதுல அள்ளிப் பாக்குறது? சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல? நமக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன், 'ஆமா அண்ணாச்சி, இந்தப் பையன் எனக்குச் செஞ்சான், நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே ஆரம்பிச்சிருவோம்."

ஊர் வழக்கமே அதுதான். பெண் கொடுப்பதானாலும், சரக்குக் கடன் கொடுப்பதானாலும், முடிவெட்டும் கடையை மாற்றுவதானாலும் நடுவில் ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தையை வாங்க முதலில் ஒருத்தருக்கு வேலை செய்திருக்க வேண்டும். வேலை கிடைக்க வேண்டுமானால் அந்த வார்த்தை வேண்டும். ஈஸ்வர் டீயைக் குடித்துவிட்டு எழுந்தான். அதற்குள் அவனுக்கு மரியாதை பழகியிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். காய் எடுக்கும் காலத்தில் ஏலச்செடியின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துப்போகும். சோப்புக்கெல்லாம் அது போகாது.

"இன்னைக்கு எந்தக் கட?" என்று கேட்டாள். தினமும் கேட்பாள்.

"சுந்தரராஜ் அண்ணாச்சி. எல்லாரும் ஒரே பாட்டுத்தாம்மா. சொல்லிவிட ஒரு ஆளக் கொண்டான்றாங்க. நான் எவனத் தேடிக் கொண்டாருவேன்? எனக்குன்னு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

அலுப்பில் வந்த பேச்சுதான். சோலையம்மாள் விரலிடுக்கில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு போன் வந்தது. "வெப்சைட்டுக்காரத் தம்பியா? நான் சின்ராசு, ஜீப்பு ஓட்டுறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தா ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க."

ஈஸ்வருக்குக் கால் தரையில் பாவவில்லை. டீக்கடை, செராக்ஸ் கடை என்று ஒன்று விடாமல் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டு வந்திருந்தான். அதில் ஒன்று வேலை செய்துவிட்டது என்று நினைத்தான். கார்டு அடித்த காகிதம் கொஞ்சம் கனமானது, அதுதான் காரணம் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. மனிதனுக்கு நல்லது நடக்கும்போது இப்படித்தான் காரணம் தோன்றும்.

சின்ராசு நாற்பதைத் தாண்டிய ஆள். சொந்தமாக ஒரு ஜீப்பு, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற ஒரு கடன். விடியுமுன் தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிவிடுகிற சோலி. "ஞாயித்துக்கெழம வண்டி சும்மா நிக்கிது மாப்ளே. அதுக்கு எதாச்சும் பண்ண முடியுமான்னு பாரு" என்றான்.

ஈஸ்வர் பார்த்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சின்ராசுவுடன் மலையேறினான். மெட்டுக்கு மேலே ரோட்டை விட்டு விலகி ஒரு பாறை முகடு இருக்கிறது. அங்கே நின்றால் கீழே போடி, தேனி என்று சமவெளி முழுக்க இருட்டாகக் கிடக்கும். அதன் விளிம்பில் சூரியன் எழும். உள்ளூர்க்காரன் ஒருத்தனும் அதை நின்று பார்த்ததில்லை, அவனவனுக்கு அந்த நேரத்தில் ஜோலி இருக்கிறது. ஈஸ்வர் அதைப் படம் பிடித்து, ஜீப்புக்கென்று ஒரு வெப்சைட் செய்து அதில் போட்டான். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதினான். விடியுமுன் போடியில் லாட்ஜ் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும் ஜீப்பு, முகட்டில் சூரிய உதயம், பால் விடாத கட்டஞ்சாயா, திரும்ப வந்து காலைச் சாப்பாடு. மலைமேல் சின்ராசுவின் போனுக்கு சிக்னல் கிடைக்காது என்பதால் தன் நம்பரையும் சேர்த்துப் போட்டான்.

அது பிய்த்துக்கொண்டு போயிற்று. மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் படம் எடுத்துப் போட, அதைப் பார்த்து இன்னும் ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் முன்கூட்டியே நிறைந்தன. சுந்தரராஜ் அண்ணாச்சியே போன் செய்தார்.

"தம்பி, சின்ராசு ஜீப்ப எம்மருமகன் கோயமுத்தூர்ல இருந்து போன்ல காட்டுறான். நீங்களா செஞ்சது? வாங்க, நமக்கும் பண்ணிருவோம். சின்ராசுட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தை கடைசியில் வந்துவிடும் போலிருந்தது. அன்றைக்கு ஈஸ்வர் வீட்டுக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு போனான்.

பூஜை விடுமுறை வந்தபோது தினமும் போன் அடித்தது. எல்லோரும் வாரநாளில் இடம் கேட்டார்கள். சும்மா வருகிறதை ஏன் விட வேண்டும் என்று ஈஸ்வருக்குப் பட்டது. டீக்கடை வாசலில் சின்ராசுவிடம் அவன்தான் எடுத்தான் அந்தப் பேச்சை.

"எல்லா நாளும் தெறந்து விட்ரலாமாண்ணே?"

சின்ராசு தலையைச் சொறிந்தான். "தோட்டத்து லேபரு இருக்கே மாப்ளே..."

"கொஞ்ச நாளைக்குத்தானண்ணே? அவங்க வேற ஜீப்புல போய்க்கிருவாங்க. ஊர்ல ஜீப்புக்கா பஞ்சம்?"

சின்ராசு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தவன் கேட்காமல் விட்டான். "நீயே சொல்ற. அப்ப சரி" என்றான். அன்றே ஈஸ்வர் வாரத்தின் எல்லா நாளையும் முன்பதிவுக்குத் திறந்துவிட்டான். கைபேசியில் ஒரு விரலால் செய்கிற வேலை.

அம்மா மலைக்கு ஜீப்பில்தான் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். எந்த ஜீப்பு, எந்தத் தோட்டம், எத்தனை பேர் ஒன்றாகப் போகிறார்கள், எங்கே நின்று ஏறுகிறார்கள் என்று கேட்டால் தெரியாது. அவன் தின்ற சோறெல்லாம் அந்த ஜீப்பு ஏறி வந்ததுதான். ஆனாலும் கேட்டதில்லை. அவள் போகிற நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துக் காலத்தில் தூங்கினான், கல்லூரி விடுமுறையில் தூங்கினான், இப்போதும் தூங்கினான்.

ஒருநாள் சாயங்காலம் சோறு போட்ட அம்மாவின் கையைப் பார்த்தான். விரல்கள் கறுப்பில்லாமல் இருந்தன. நகக்கண்ணில் மட்டும் செம்மண் அப்பியிருந்தது.

"என்னம்மா, கறையே இல்ல?"

"மலையில இப்ப களையெடுப்பு நடக்குது" என்றாள்.

காய் பழுத்துக் கிடக்கிற மாதத்தில் எவனாவது களையெடுத்துக்கொண்டிருப்பானா? போடியில் சின்னப் பிள்ளைகூட இதை நம்பாது. ஈஸ்வர் நம்பினான். நல்லவேளை, கை கொஞ்சம் தேறட்டும் என்று சந்தோஷமும் பட்டான்.

ஒரு வியாழக்கிழமை, விடியாத நேரத்தில் போன் அடித்து அவனை எழுப்பியது. திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தவர்.

"சார், வண்டியில ஏறி உக்காந்துட்டோம். பஸ் ஸ்டாண்ட் தாண்டி முக்குல லேடீஸ் கொஞ்ச பேர் குறுக்க நின்னுக்கிட்டு வண்டிய விடமாட்டேங்கிறாங்க. சன்ரைஸ் போயிடும் சார். கொஞ்சம் வந்து பேசுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அம்மாவின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அந்த நேரத்தில் தன் ஊரை அவன் பார்த்ததில்லை. தெருவுக்குத் தெரு தலையில் துண்டைச் சுற்றிய பெண்கள் வாளியும் கையுமாக வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு மலைப்பக்கம் போயின. தான் தூங்கும்போது ஊர் பாதி காலியாகிவிடுகிறது என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

முக்கில் சின்ராசுவின் ஜீப்பு விளக்கெரிய நின்றது. உள்ளே திருப்பூர்க் குடும்பம் குல்லாயும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் நின்றார்கள். சாப்பாட்டு வாளி கையில், இடுப்பில் கட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் தாள் சுருட்டிய மேனிக்குக் கக்கத்தில்.

"இந்தா வந்துட்டாருல்ல, கம்ப்யூட்டர்காரரு" என்றாள் முன்னால் நின்றவள். சந்திரவல்லி என்று பெயர், அந்த ஜீப்பு ஆட்களில் வாய் பெரியது அவளுக்குத்தான். "இவர்ட்டயே கேளுங்கடி."

"என்னக்கா பிரச்சன? கொஞ்ச நாளைக்கு வேற ஜீப்புல..."

"வேற ஜீப்புலயா? நீ இந்த ஊருதானா அப்பு?" அவள் கோபப்படக்கூட இல்லை, சலித்துப்போய்ச் சொன்னாள். "ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு தோட்டம், அதுக்குன்னு ஆளு. இன்னொரு ஜீப்புல எடம் ஏது? அவ மடியிலயா நான் போயி உக்கார? அப்பிடியே தொத்திக்கிட்டுப் போனாலும் அந்தத் தோட்டத்து மேஸ்திரி எங்களுக்கு வேல குடுப்பானா? அவனுக்கு அவன் ஆளு இருக்கு. காயி பழுத்துக் கொட்டுது அங்க. இன்னைக்கும் ஆளு வரலைன்னா வேற ஜீப்பு ஆளப் போட்டுக்கிறேன்னு எங்க மேஸ்திரி சொல்லிட்டான். இத்தன வருசம் பாத்த தோட்டம் போச்சு. நாங்க தினமும் ராசிங்காபுரத்துக்கு நடந்து போயி தக்காளிக் காட்டுல களை எடுத்துக்கிட்டு இருக்கோம். அங்க குடுக்குறது எதுக்குக் காணும்?"

ராசிங்காபுரம், களை, செம்மண். சோறு போட்ட அம்மாவின் கை ஈஸ்வரின் கண்முன் வந்தது.

"சந்திரவல்லி, அவன்ட்டப் பேசாத. அவனுக்கு என்ன தெரியும்? பேசணும்னா எங்கிட்டப் பேசு."

பூட்டிய கடையின் படியிலிருந்து அந்தக் குரல் வந்தது. திரும்பிப் பார்த்தான். வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து, மற்றவர்களோடு சேராமல், வாளியை மடியில் வைத்துக்கொண்டு சோலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். மகன் முகத்தைப் பார்க்கவில்லை. தலையிலிருந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள், தப்பு செய்தது அவள்தான் என்பதுபோல.

அம்மாவை ஜீப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்றுதான் அவன் இத்தனை கடை ஏறி இறங்கினான். இறக்கியே விட்டிருந்தான்.

அவன் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு சின்ராசு கையைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப் போனான்.

"ஒனக்குத் தெரியாதா மாப்ளே? நெசமாவே தெரியாதா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "எல்லா நாளும் போட்ரலாம்னு நீ சொன்னப்ப, அம்மாட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்னு நெனச்சேன். மகன் தலையெடுத்துட்டான், சோலையம்மாக்காவ இனி மலைக்கு அனுப்ப மாட்டான்னு நெனச்சேன்."

"அம்மா ஒங்க ஜீப்புலதான் வருதுன்னு எனக்குத் தெரியாதுண்ணே."

"எம்புட்டு வருசமா வருது! பெறகு நான் ஒன்னய எதுக்குக் கூப்பிட்டேன்னு நெனச்ச?"

"கார்டப் பாத்துட்டு..."

"எந்தக் கார்டு?" சின்ராசுவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறுறப்பயும் எறங்குறப்பயும் ஒங்கம்மா எம் பின்னாடியே நிக்கும். 'எம்மகன் படிச்ச பய, வேலையெல்லாம் சுத்தமாச் செய்வான், அவனுக்கு ஒரு வேலையக் குடு சின்ராசு'ன்னு. அது தொந்தரவு தாங்காமத்தான் கூப்பிட்டேன். அது சொல்லித்தான்னு ஒன்ட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிருச்சு."

சொல்லிவிட எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று வாசற்படியில் அம்மாவிடமே கேட்டது ஈஸ்வருக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஜீப்பின் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு ரெண்டையும் அடக்கினான்.

அப்போது சின்ராசுவின் போன் அடித்தது. மேலே தோட்டத்து மேஸ்திரி. "எந்தா சின்ராசே, ஆளெவிடே?" என்று ஆட்களைத் தேடுகிற மலையாளச் சத்தம் ஈஸ்வருக்கே கேட்டது. சின்ராசு போனைக் கையில் பிடித்தபடி இவன் முகத்தைப் பார்த்தான்.

"வார நாள மூடிர்றேன்ணே" என்றான் ஈஸ்வர். "பழையபடி ஞாயித்துக்கெழம மட்டும். இல்லன்னா, ஆளுகள எறக்கிவிட்டுட்டு நீங்க பகல்ல அங்கதான நிக்கிறீங்க? மெட்டுலயிருந்து பகல் சவாரியாப் போட்டுப் பாக்கலாம்."

"பகல்லயா? சூரியன் பத்து மணிக்கா மொளைக்குது? அதப் பாக்கத்தானப்பா வர்றாய்ங்க." சின்ராசு எரிந்து விழுந்தான். "ஏறவச்சதும் நீ, எறங்கச் சொல்றதும் நீ. இன்னைக்கு சாயங்காலம் சுந்தரராஜ் அண்ணாச்சி என்னயக் கடைக்கு வரச் சொல்லியிருக்காரு, ஒன்னப் பத்திக் கேக்கத்தான். நான் என்னத்தச் சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க."

"உள்ளதச் சொன்னா ஒனக்கு அந்த வேல வராது மாப்ளே."

அது ஈஸ்வருக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஒரு கடை வந்துவிட்டால் பின்னாலேயே நாலு கடை வரும். அண்ணாச்சி சொன்னால் ஊரே கேட்கும். முகட்டுச் சூரியனையும் சுந்தரராஜ் கடையையும் ஒன்றாக வைத்துக்கொண்டால், இன்னும் கொஞ்ச காலத்தில் அந்த வாக்கியத்தை அம்மாவிடம் சொல்லியே விடலாம். அதுவரை அவள் ராசிங்காபுரத்துக்கு முட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மற்றவர்களும் நடக்க வேண்டும். அவர்களின் மகன்கள் வெப்சைட் செய்வதில்லை.

"எங்கம்மாவ மலைக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றான்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. எந்த வாக்கியத்துக்காக அலைந்தானோ அதற்கு நேர் எதிரானது.

திருப்பூர்க்காரரிடம் அவனே போய்ப் பேசினான். தப்பு தன்மேல்தான், வண்டி கிடையாது, கட்டிய பணம் இன்றைக்கே திரும்பி வந்துவிடும் என்றான். அவர் கத்தினார். குழந்தைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டி வந்ததைச் சொல்லிக் கத்தினார், அதில் நியாயம் இருந்தது. ஒற்றை ஸ்டார் போடுவேன் என்றார். "போடுங்க சார்" என்றான். அவர்களை ஓர் ஆட்டோ பிடித்து லாட்ஜுக்கு அனுப்பினான்.

பெண்கள் ஏறினார்கள். யார் எங்கே என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஒவ்வொருத்திக்கும் அவளவள் இடம் இருந்தது. சோலையம்மாள் கடைசியாக எழுந்து வந்தாள். அவள் இடம் பின்பக்கம் ஓரம். நல்ல காலை மேலே வைத்து, கம்பியைப் பிடித்து ஒரு தம் கட்டித்தான் ஏற முடிந்தது. ஈஸ்வர் முழங்கையைத் தாங்கினான்.

"நான் கேட்டேனா ஒன்ன?" என்றாள் உள்ளே உட்கார்ந்தபடி. "நல்லா ஓடிக்கிட்டிருந்தத எதுக்குக் கெடுத்த?"

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா மூடிருவேல்ல." துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினாள். "போ. வெரசாப் போயிப் படு. தூக்கம் கெட்டுப்போச்சு."

ஜீப்பு மலைப்பக்கம் போனது. ஈஸ்வர் அம்மா உட்கார்ந்திருந்த கடைப்படியில் உட்கார்ந்து, கைபேசியில் வாரநாட்களை ஒவ்வொன்றாக மூடினான். இதுவும் ஒரு விரல் வேலைதான்.

மறுநாள் சுந்தரராஜ் அண்ணாச்சி வரச் சொல்லியிருந்தார். போனான்.

"சின்ராசு உள்ளதத்தான் சொன்னான்" என்றார் அவர். "வேலை சுத்தமாம். ஆனா வண்டி நெறஞ்சு நிக்கிறப்ப பாதியில கைய எடுத்துட்டீங்களாம். தப்புன்னு நான் சொல்லல தம்பி, பெத்த தாயி. ஆனா நமக்கு யாவாரம். நாளைக்கு நம்ம சரக்குலயும் ஒங்களுக்கு எதாச்சும் மனசு கேக்காமப் போனா, ஒரு நிமிசத்துல மூடிருவீங்கள்ல?"

ஈஸ்வர் யோசித்துப் பார்த்தான். "மூடினாலும் மூடிருவேன் அண்ணாச்சி" என்றான்.

"பாருங்க. தையில பாப்போம்."

கிரேஸ் டீ கொண்டு வந்து வைத்தார். குடித்தான். டம்ளரை வைத்தான். எழுந்தான்.

அன்று சாயங்காலம் முக்கில் போய் நின்றான். இருட்டுகிற நேரத்துக்கு ஜீப்பு வந்தது. சின்ராசு இவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெண்கள் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள், அசதியில் அவரவர் தெருவுக்குத் திரும்பினார்கள். சந்திரவல்லி மட்டும் போகிற போக்கில் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அம்மா இறங்கியதும் அவன் அவள் கையைப் பார்த்தான். ரெண்டு நாள் காயெடுப்பில் விரல்கள் மறுபடி கறுத்திருந்தன. அந்தக் கறுப்பைப் பார்த்து நிம்மதிப்பட வேண்டியிருக்கிறதே என்று அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

ரெண்டு பேரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

"அண்ணாச்சி கடைக்குப் போனியா?"

"போனேன்."

"என்னன்னாரு?"

"தையில பாப்போம்னாரு."

தையில் பார்ப்போம் என்றால் முடியாது என்று அர்த்தம், அது போடியில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். முட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"மேஸ்திரி மச்சினி மெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில புதுசா ஒரு பேக்கரி போட்டிருக்காளாம்" என்றாள் பிறகு, ஏதோ ஊர்க்கதை சொல்கிற மாதிரி. "இன்னைக்கு அவன்ட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சிருக்கேன். எம்மகன் கம்ப்யூட்டர்ல எல்லாஞ் செய்வான்னு. மலையாளத்துலயும் வேணுமாம். ஒனக்கு வருமா?"

ஈஸ்வருக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

"வரும்மா" என்றான். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "காலையில என்னையும் எழுப்பிவிடு" என்றான்.

"ஒனக்கு அந்நேரத்துல என்ன சோலி? தூங்கு."

"ஜீப்பு வரைக்கும் கூட வர்றேன்."

அவள் கையிலிருந்த வாளியை அவனிடம் கொடுத்தாள்.